குடியிருப்புத் தெருவில் கடைக் கட்டிடம்: சென்னையில் அனுமதி, ஆய்வு, ஆட்சேபம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடுகள் நிறைந்த தெருவில் கடையோ அலுவலகமோ கட்ட நினைப்பவர் ஒரு பக்கம். பக்கத்து மனையில் ஷட்டர் வைத்த கட்டிடம் எழும்புவதைப் பார்த்துக் கவலைப்படுபவர் இன்னொரு பக்கம். இருவருமே புரட்டவேண்டிய விதிப்புத்தகம் ஒன்றுதான்: 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள். அதனால் இருவருக்குமான பதில்களையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறோம்.

சொந்த மனைதானே, கடை கட்டக் கூடாதா?

மனை யாருடையது என்பதற்கு முன்பு, அது எந்த மண்டலத்தில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (எல்லோரும் சொல்வது சிஎம்டிஏ) இரண்டாவது முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு நிலப் பயன்பாட்டை வகுத்திருக்கிறது: முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், திறந்தவெளி என்று போகும்.

முதன்மைக் குடியிருப்பில் கடையே கூடாது என்று நினைப்பது தவறு. மளிகை, பால், டீக்கடை, தையல், சைக்கிள் பழுதுபார்ப்பு மாதிரி தினசரித் தேவைக்கான சிறு கடைகளுக்கு அதில் இடமுண்டு. அந்த வீட்டிலேயே குடியிருக்கும் டாக்டர், வக்கீல், ஆடிட்டர் கீழே ஒரு அறையில் தொழில் நடத்தவும் இடமுண்டு. ஆனால் அதே மனையில் ஷோரூமோ பெரிய ஓட்டலோ போட முடியாது. கலப்புக் குடியிருப்பில் கதவு இன்னும் அகலமாகத் திறக்கும். எந்த அளவு திறக்கும் என்பதைச் சாலையின் அகலமும் கட்டிடத்தின் பரப்பும் தீர்மானிக்கும். பட்டறை, மாவு மில் போன்றவற்றுக்கு மோட்டாரின் குதிரைத்திறனையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

தெருப் பெயரை வைத்து மண்டலத்தை ஊகிக்காதீர்கள். ஒரே தெருவில் முனை மனை வணிகமாகவும் மூன்றாவது மனை முதன்மைக் குடியிருப்பாகவும் இருப்பது சாதாரணம். சர்வே எண், உட்பிரிவு எண், நகரத்துக்குள் என்றால் டவுன் சர்வே எண்ணும் பிளாக் எண்ணும், இவற்றைக் கொண்டுதான் பார்க்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஏற்கெனவே நாலு கடை இருக்கிறதே. அது போதாதா?

போதாது. அந்த நாலில் எத்தனைக்கு அனுமதி இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது, பல சமயம் அவர்களுக்கே தெரியாது. பக்கத்துக் கட்டிடத்தின் விதிமீறலைக் காட்டி அனுமதி கேட்க முடியாது. அப்படிக் கேட்டால் அந்தக் கட்டிடத்துக்கும் நோட்டீஸ் போகும், அக்கம்பக்கத்துப் பகையும் சேரும்.

தெரு உண்மையிலேயே வணிகத் தெருவாக மாறிவிட்டது என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. நிலப் பயன்பாட்டு மாற்றம் கேட்டு சிஎம்டிஏவில் விண்ணப்பிக்கலாம். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் பிரிவு 32(4)இல் இது வருகிறது. நாளிதழில் அறிவிப்பு வரும், பொதுமக்களிடம் ஆட்சேபம் கேட்பார்கள், தொழில்நுட்பக் குழு பார்க்கும், அதன் பிறகு குழுமம் முடிவெடுக்கும். மாதக்கணக்கில் ஆகும் வேலை. மனை வாங்க அட்வான்ஸ் கொடுத்த பிறகு தொடங்க வேண்டிய வேலையும் அல்ல.

மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதுதான். அது போதுமா?

அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தையே ஒருமுறை விரித்துப் பாருங்கள். சில மனைகளின் மேல் ‘கடை மனை’ என்றும், சிலவற்றின் மேல் பள்ளி, பூங்கா என்றும் எழுதியிருக்கும். மற்றவை வீட்டு மனைகள். வீட்டு வசதி வாரியம் ஒதுக்கிய மனை என்றால் கிரயப் பத்திரத்தின் நிபந்தனைகளையும் வரி விடாமல் படிக்க வேண்டும். அண்ணா நகர், அசோக் நகர், கே.கே. நகர், பெசன்ட் நகர் பக்கம் இந்தச் சிக்கல் அதிகம் வரும். குடியிருப்புக்கு மட்டும் என்று பத்திரத்தில் இருந்தால் வாரியத்தின் தடையின்மைச் சான்றும் தேவைப்படும்.

அங்கீகாரமே இல்லாத மனை என்றால், 2016 அக்டோபர் 20க்கு முன் விற்கப்பட்டதாக இருந்து, 2017ஆம் ஆண்டு விதிகளின்படி வரன்முறைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். அந்த ஆணையின் நகல் இல்லாமல் கட்டிட ஃபைல் ஓர் அடிகூட நகராது.

வீட்டின் கீழ்த்தளத்தைத்தான் கடையாக மாற்றுகிறேன். ஒரு செங்கல்கூட புதிதாக வைக்கவில்லை. அதற்கும் அனுமதியா?

ஆம். அதிகம் பேர் இடறி விழும் இடமே இதுதான். நகர் ஊரமைப்புச் சட்டத்தில் ‘மேம்பாடு’ என்ற சொல்லுக்குக் கட்டுவது மட்டும் பொருளல்ல. இருக்கும் கட்டிடத்தின் பயன்பாட்டைக் கணிசமாக மாற்றுவதும் மேம்பாடுதான். ஹாலின் முன்சுவரை உடைத்து ஷட்டர் மாட்டிய அன்றே அது அனுமதிக்கு மாறான கட்டிடம் ஆகிவிடுகிறது. கூரை, தூண், பரப்பு எதுவும் மாறாவிட்டாலும் நிலைமை அதுவே.

இன்னொரு சங்கதியும் உண்டு. அந்த முன்சுவர் சுமை தாங்கும் சுவராக இருந்தால் (1980களுக்கு முந்தைய வீடுகள் பலவும் அப்படித்தான்) ஷட்டருக்காகப் பத்தடி அகலம் திறப்பது கட்டிடத்தின் எலும்பையே உருவுவது மாதிரி. கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்த்து, பீமும் தாங்குதூணும் கணக்குப் போட்டுக் கொடுக்காமல் சம்மட்டியைத் தொடாதீர்கள்.

அனுமதி மாநகராட்சியிடமா, சிஎம்டிஏவிடமா?

இரண்டு அனுமதிகள் இருக்கின்றன: திட்ட அனுமதி, கட்டிட அனுமதி. சிறிய கட்டிடங்களுக்கு இரண்டையும் பெருநகர சென்னை மாநகராட்சியே தரும்படி அதிகாரம் பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கிறது. வீடுகளுக்கு அந்த வரம்பு 10,000 சதுர அடி, 8 வீடுகள் என்று தாராளமானது. வணிகக் கட்டிடங்களுக்கு அது மிகச் சிறியது. அதைத் தாண்டினால் ஃபைல் எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகைக்கு, அதாவது சிஎம்டிஏவுக்குப் போகும். அங்கே திட்ட அனுமதி வந்த பிறகும் மாநகராட்சியின் கட்டிட அனுமதி தனியாக வேண்டும். சிஎம்டிஏ கடிதம் கையில் இருக்கிறது என்று அஸ்திவாரம் தோண்டிவிட்டு வேலை நிறுத்த நோட்டீஸ் வாங்குகிறவர்கள் உண்டு.

2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியுமாகக் கட்டும் வீடுகளுக்கு மட்டும்தான் அது. வீடு என்று சுயசான்றில் அனுமதி வாங்கிக் கடையாகக் கட்டினால், பொய்ச் சான்று கொடுத்தது நீங்கள் என்று ஆகிவிடும். வழக்கமான விதிமீறலைவிட அது மோசம்.

தாம்பரம், ஆவடி இரண்டும் தனி மாநகராட்சிகள். அங்கே இருப்பவர்கள் சென்னை மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்கு அலைய வேண்டாம்.

என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

கிரயப் பத்திரம், மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, உங்கள் பெயரில் பட்டா, டவுன் சர்வே பதிவேட்டுச் சாற்று, நில அளவை வரைபடம், மனைப்பிரிவு வரைபடத்தின் நகல், நடப்பு அரையாண்டு வரை கட்டிய சொத்து வரி ரசீது. பழைய கட்டிடம் இருந்தால் அதன் பழைய அனுமதி வரைபடம். பதிவு பெற்ற கட்டிடக் கலைஞரோ பொறியாளரோ கையெழுத்திட்ட வரைபடங்கள். மண் பரிசோதனை அறிக்கை கேட்காத அளவுக்குச் சிறிய கட்டிடம் என்றாலும், வேளச்சேரி, பள்ளிக்கரணை மாதிரி களிமண் இடங்களில் எடுத்துக்கொள்வது உங்களுக்கே நல்லது.

பட்டா இறந்துபோன அப்பா பெயரில் இருந்தால், முதலில் அதை மாற்றிவிட்டு வாருங்கள். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்கிற இடைத்தரகரை நம்ப வேண்டாம்.

ஒரு கிரவுண்டில் எவ்வளவு கட்டலாம்?

40க்கு 60 அடி மனை என்றால் 2,400 சதுர அடி, ஒரு கிரவுண்டு, சுமார் 223 சதுர மீட்டர். 18.30 மீட்டர் உயரத்துக்குள் அடங்கும் கட்டிடங்களுக்குப் பொதுவான எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற விகிதம்) 2.0. அதாவது மனையின் இரு மடங்கு, 446 சதுர மீட்டர். காகிதத்தில் அவ்வளவுதான் கணக்கு.

நிஜத்தில் அது சுருங்கும். பத்திரத்தில் ஓர் அளவு, பட்டாவில் ஓர் அளவு, நிலத்தில் டேப் பிடித்தால் ஓர் அளவு என்று மூன்றும் வேறுபட்டால், மூன்றில் எது குறைவோ அதையே எடுத்துக்கொள்வார்கள். பத்திரம் 223 என்கிறது, பட்டா 215 என்கிறது என்று வையுங்கள். 215 இரு மடங்கு 430. கைவிட்டுப் போவது 16 சதுர மீட்டர், ஏறக்குறைய 172 சதுர அடி, ஒரு சின்னக் கடை அளவு. அளவுத் திருத்தம் செய்ய வேண்டுமானால் விண்ணப்பத்துக்கு முன்பே செய்ய வேண்டும்.

அதற்கு மேல் செட்பேக், அதாவது மனை எல்லைக்கும் கட்டிடத்துக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி. முன்பக்க இடைவெளி சாலையின் அகலத்தைப் பொறுத்தது. பக்க இடைவெளி கட்டிடத்தின் உயரத்தையும் மனையின் அகலத்தையும் பொறுத்தது. உயரம் கூட்டினால் பக்கத்தில் இழப்பீர்கள். சிறிய மனையில் எஃப்எஸ்ஐ முழுவதையும் எடுக்க முடியாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். ஜார்ஜ் டவுன் போன்ற தொடர் கட்டிடப் பகுதிகளில் மட்டும் பக்கச் சுவரோடு ஒட்டிக் கட்டும் வழக்கத்துக்கு விதியிலேயே இடமிருக்கிறது. திருவான்மியூருக்குத் தெற்கே கடற்கரையை ஒட்டிய நிலத்தடி நீர் செறிவூட்டும் பகுதியிலும், செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் கட்டுப்பாடு கூடுதல். விமான நிலையத்தைச் சுற்றி உயரத்துக்குத் தனித் தடையின்மைச் சான்று வேண்டும்.

எங்கள் தெரு 30 அடி ரோடு. அது போதுமா?

30 அடி என்பது 9.14 மீட்டர். கட்டணம் செலுத்திப் பெறும் கூடுதல் எஃப்எஸ்ஐக்குக் குறைந்தபட்சம் 9 மீட்டர் சாலை வேண்டும். ஆக உங்களிடம் இருக்கும் உபரி 14 சென்டிமீட்டர், ஒரு ஜாண்கூட இல்லை. எதிர்வீட்டுக்காரர் பத்து வருடத்துக்கு முன் காம்பவுண்டு சுவரை ஓர் அடி தள்ளிக் கட்டியிருந்தால் அந்த உபரி போய்விட்டது. மனைப்பிரிவு வரைபடத்தில் 30 அடி என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்துவிட்டு வரைபடம் போடச் சொல்லாதீர்கள். மனைக்கு நேராகவும், தெரு பெரிய சாலையில் சேரும் இடம் வரை இரண்டு மூன்று இடங்களிலும் டேப் பிடித்துப் பாருங்கள். ஆய்வுக்கு வருபவரும் அதையே செய்வார்.

வண்டி நிறுத்தும் இடத்தில் அவ்வளவு கெடுபிடி ஏன்?

தெருக்காரர்களின் புகாரில் பாதி இதைப் பற்றித்தான் என்பதால். ஒரு காருக்கு 2.5 க்கு 5 மீட்டர், ஒரு பைக்குக்கு 1 க்கு 1.8 மீட்டர் காட்ட வேண்டும். எத்தனை வண்டி என்பது கடையா, அலுவலகமா, ஓட்டலா என்ற பயன்பாட்டையும் பரப்பையும் பொறுத்தது.

தவறு எங்கே நடக்கிறது என்றால், வரைபடத்தில் கார் நிற்கும், கட்டிடத்தில் நிற்காது. தூண்களை 9 அடிக்கு ஒன்றாக வைத்த ஸ்டில்ட் (சுவரில்லாமல் தூண்கள் மட்டும் நிற்கும் கீழ்த்தளம்) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மையத்திலிருந்து மையம் 2.74 மீட்டர். தூண் ஓர் அடி தடிமன். மிஞ்சும் இடைவெளி 2.44. வேண்டியதற்கு 6 சென்டிமீட்டர் குறைவு, பூச்சு ஏறினால் இன்னும் குறையும். அந்த வரிசையில் ஒரு கார்கூடக் கணக்கில் வராது. தூணை 10 அடிக்கு ஒன்றாக வைத்திருந்தால் 2.74 மிஞ்சியிருக்கும். இதைச் சரிசெய்ய வேண்டிய நேரம் பொறியாளர் கம்பிக் கணக்குப் போடுவதற்கு முன்பு. கான்கிரீட் போட்ட பிறகு தூணை நகர்த்த யாராலும் முடியாது.

ஸ்டில்ட்டில் வண்டி நிறுத்தும் பரப்பு எஃப்எஸ்ஐ கணக்கில் சேராது. அந்தச் சலுகையை வாங்கிக்கொண்டு, அனுமதிப்படி கட்டி முடித்ததற்கான நிறைவுச் சான்று வந்ததும் இரண்டு தூணுக்கு இடையில் செங்கல் அடைத்து மொபைல் கடைக்கு வாடகைக்கு விடுவது இந்த ஊரின் பிரசித்தி பெற்ற வித்தை. அந்த ஒரு கடையால் எஃப்எஸ்ஐ மீறல், வண்டி நிறுத்த மீறல், பயன்பாட்டு மீறல் மூன்றும் சேர்ந்து வருகிறது. சீல் வைக்கும் பட்டியலில் முதலில் நிற்பவையும் இப்படிப்பட்ட கட்டிடங்களே.

கடை வாசலில் படியும் சாய்தளமும் எப்படி அமைப்பது?

சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1க்கு 12 சரிவில் இருக்க வேண்டும். கடைத் தரை சாலையிலிருந்து ஒன்றரை அடி உயரம் என்றால், அதாவது 45 சென்டிமீட்டர், சாய்தளத்தின் நீளம் 5.4 மீட்டர். 18 அடி! முன்பக்க இடைவெளியில் நேராக வைத்தால் அது அடங்கவே அடங்காது. அதனால் என்ன செய்கிறார்கள் என்றால், நாலடியில் செங்குத்தாக ஒரு சிமென்ட் சரிவு போட்டு, அதன் நுனியை மழைநீர் வடிகால் மூடியின் மேலேயும் நடைபாதையின் மேலேயும் நீட்டிவிடுகிறார்கள். அந்தச் சரிவில் சக்கர நாற்காலி ஏறாது. வடிகால் மூடியைத் திறந்து தூர்வார முடியாது. அக்டோபரில் முதல் மழைக்கே தெரு குளமாகும். மாநகராட்சி இடிக்க வரும்போது முதலில் உடைபடுவதும் அதுதான்.

சரியான வழி, சாய்தளத்தை முகப்புக்கு இணையாகப் பக்கவாட்டில் ஓடவிடுவது. 40 அடி முகப்பில் 18 அடிச் சாய்தளமும் அதன் தலைப்பில் திரும்புவதற்கு ஒரு சமதளமும் தாராளமாக அடங்கும். தரை மட்டத்தைத் தாழ்த்தலாமே என்று சிலர் கேட்பார்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்ட தெருக்களில் அந்த யோசனை வேண்டாம். இன்றைக்கு ஒன்றரை அடி உயரமாக இருக்கும் தரை, இரண்டு முறை சாலை போட்டால் ஓர் அடியாகிவிடும்.

ஃபைல் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

பெரும்பாலும் சின்ன விஷயங்களுக்கு. வரைபடத்தில் வடக்குத் திசை தவறு. பட்டா எண்ணும் வரைபடத் தலைப்பில் இருக்கும் சர்வே எண்ணும் ஒத்துப்போகவில்லை. இடிக்கப்போகும் பழைய கட்டிடத்தைக் காட்டவில்லை. மனைக்குள் நிற்கும் மரத்தைக் காட்டவில்லை. உயரழுத்த மின்கம்பி முகப்பை ஒட்டிப் போகிறது, வரைபடத்தில் அதைக் காணோம். தளங்களின் பரப்பைத் தனித்தனியாகக் கூட்டினால் ஒரு தொகை, அட்டவணையில் வேறொரு தொகை. அறையின் பெயர் ‘ஸ்டோர்’ என்று இருக்கும், ஆனால் அதற்குத் தெருவைப் பார்த்த 8 அடி ஷட்டர் காட்டியிருக்கும். பரிசீலிப்பவர் இதையெல்லாம் தினம் பத்து ஃபைலில் பார்க்கிறவர், ஏமாற மாட்டார்.

இப்போது விண்ணப்பம் ஆன்லைனில் என்பதால் கேள்விக் கடிதமும் ஆன்லைனில் வரும். பல உரிமையாளர்கள் தங்கள் கைபேசி எண்ணுக்குப் பதிலாகப் பிளான் போடுபவரின் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். கேள்வி வந்து இரண்டு மாதமாகத் தூங்குவது அவர்களுக்குத் தெரிவதே இல்லை.

என்னென்ன கட்டணம் வரும்?

பரிசீலனைக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், உள்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணம், திரும்பக் கிடைக்கக்கூடிய பாதுகாப்பு வைப்புத்தொகை, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்கு மதிப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம். வணிகத்துக்கான விகிதங்கள் வீட்டுக்கானவற்றைவிட அதிகம். எல்லாவற்றுக்கும் கேட்புக் கடிதம் வரும், ரசீது வரும். கடிதமும் ரசீதும் இல்லாமல் கேட்கப்படும் தொகை எதுவும் கட்டணம் அல்ல.

கட்டும்போது ஆய்வு எப்போது?

அடித்தள மட்டம், அதாவது பிளிந்த் வந்ததும் தெரிவிக்க வேண்டும். இந்த ஆய்வை வெறும் சடங்கு என்று தள்ளாதீர்கள், உங்களுக்குத்தான் அதில் லாபம். செட்பேக்கில் அரை அடி பிசகியிருந்தால் பிளிந்தில் திருத்துவது இரண்டு நாள் வேலை. மூன்றாம் தளம் எழும்பிய பிறகு அதே அரை அடிக்குத் தீர்வே கிடையாது. கயிறு கட்டி மூலை குறிக்கும் நாளில் பொறியாளர் நேரில் இருக்க வேண்டும். மேஸ்திரி காம்பவுண்டு சுவரிலிருந்து அளப்பார், சட்டம் மனை எல்லையிலிருந்து அளக்கும். சுவரே எல்லை தாண்டியோ உள்ளே வாங்கியோ இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

அனுமதி விவரப் பலகை தெருவிலிருந்து படிக்கும்படி இருக்கட்டும். அங்கீகரித்த வரைபடத்தின் ஒரு நகல் எப்போதும் சைட்டில் இருக்கட்டும்.

நிறைவுச் சான்று இல்லாமல் ஈபி, மெட்ரோ வாட்டர் கிடைக்குமா?

சான்று கட்டாயமான கட்டிடம் என்றால் கிடைக்காது. எந்த அளவுக் கட்டிடத்துக்கு விலக்கு என்பது 2019க்குப் பிறகு பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது, வீட்டுக்கு ஒரு வரம்பு, வணிகத்துக்கு வேறு என்று. விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள அரசாணையைத்தான் பார்க்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் மூன்று வருடத்துக்கு முன் வாங்கியதை அல்ல.

2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில் வீட்டு மனையில் கடைகள் கட்டிய வழக்கு அது. நிறைவுச் சான்றைப் பார்த்த பிறகே மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு தர வேண்டும், வங்கிகளும் அதைச் சரிபார்த்தே கடன் தர வேண்டும், அனுமதியற்ற கட்டிடத்தில் தொழில் உரிமம் தரக் கூடாது என்று நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது. அதன் பிறகு ‘எப்படியாவது கனெக்‌ஷன் வாங்கிடலாம்’ என்ற பேச்சுக்கு மதிப்புக் குறைந்துவிட்டது.

சான்றுக்கு வரும் ஆய்வில் மாட்டுபவை பெரும்பாலும் பின்பக்க இடைவெளியில் போட்ட இரும்பு மாடிப்படி, மொட்டைமாடியில் போட்ட தகரக் கொட்டகை, வரைபடத்தில் இருந்து தரையில் இல்லாத மழைநீர் சேகரிப்பு. 2003 முதல் எல்லாக் கட்டிடத்துக்கும் கட்டாயமான அந்த அமைப்பை, குழாயைத் தெரு வடிகாலில் விட்டுவிட்டு ‘இருக்கிறது’ என்று காட்ட முடியாது. மாடிக் குழாய் வடிகட்டித் தொட்டிக்கு வந்து அங்கிருந்து உறைகிணற்றில் இறங்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர்களின் சம்மதம் வேண்டுமா? எங்களைக் கேட்காமலே அனுமதி கொடுத்துவிட்டார்களே!

விதிக்குள் அடங்கும் கட்டிடத்துக்கு அக்கம்பக்கத்துச் சம்மதம் தேவையில்லை, கருத்துக் கேட்புக் கூட்டமும் கிடையாது. பொது அறிவிப்பு வருவது நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்குத்தான். ஆகவே ‘எங்களுக்குப் பிடிக்கவில்லை’ என்ற மனுவுக்குப் பலன் இருக்காது. ‘அனுமதியில் இப்படி இருக்கிறது, இடத்தில் இப்படி இருக்கிறது’ என்ற மனுவுக்கு இருக்கும்.

முதலில் அங்கீகரித்த வரைபடத்தைப் பெறுங்கள். சிஎம்டிஏ அனுமதிகளில் பலவற்றை அதன் இணையதளத்திலேயே பார்க்கலாம். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். வரைபடம் கையில் வந்ததும் வெளியிலிருந்தே அளக்கக்கூடியவற்றை அளந்து பாருங்கள்: தளங்களின் எண்ணிக்கை, முன் இடைவெளி, உங்கள் பக்கத்து இடைவெளி, ஸ்டில்ட் திறந்திருக்கிறதா என்பது. தேதி தெரியும் புகைப்படத்தோடு மாநகராட்சியின் வட்டார அலுவலகத்துக்கும், சிஎம்டிஏ அனுமதி என்றால் அதன் அமலாக்கப் பிரிவுக்கும் எழுதி, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சியின் உதவி எண்ணான 1913க்குப் போன் செய்தால் புகார் எண் கிடைக்கும், அது தொடக்கத்துக்கு நல்லது. ஆனால் பின்னால் நீதிமன்றம் போக வேண்டி வந்தால் கையில் நிற்பது ஒப்புகையுடைய கடிதம்தான்.

முக்கியமாக, சீக்கிரம் எழுதுங்கள். பிளிந்தில் எழுதிய புகாரும் கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு எழுதிய புகாரும் ஒன்றல்ல.

எல்லைத் தகராறு, பொதுச் சுவர், வழிப்பாதை உரிமை இவையெல்லாம் உரிமையியல் நீதிமன்றத்து விவகாரம். அனுமதி கொடுக்கும் அலுவலகம் அவற்றைத் தீர்க்காது.

நோட்டீஸ் வந்துவிட்டது. என்ன செய்வது?

எந்தப் பிரிவு என்று பாருங்கள். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் பிரிவு 57 என்றால் நடக்கும் வேலையை நிறுத்தச் சொல்கிறார்கள். பிரிவு 56 என்றால் மீறிக் கட்டியதை அகற்றச் சொல்கிறார்கள், பூட்டி சீல் வைப்பதும் இதன் தொடர்ச்சியாக வரும். இரண்டுக்கும் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். நிறுத்த நோட்டீஸ் வந்த பிறகு இரவில் விளக்குப் போட்டுக் கான்கிரீட் ஊற்றுவது, பின்னால் நீதிமன்றத்தில் உங்களுக்கு இருக்கும் கொஞ்ச அனுதாபத்தையும் கரைத்துவிடும்.

மீறல் திருத்தக்கூடியதா என்று உங்கள் பொறியாளரிடம் நேராகக் கேளுங்கள். அடைத்த ஸ்டில்ட்டைத் திறக்கலாம், தகரக் கொட்டகையை எடுக்கலாம், பிறகு திருத்திய வரைபடம் தாக்கல் செய்யலாம். கூடுதல் தளத்துக்கு அந்த வழி இல்லை. அரசிடம் பிரிவு 80-ஏயின் கீழ் மறுசீராய்வு மனுப் போடலாம், ஆனால் மனு போட்டாலே மீறல் சரியாகிவிடாது.

அபராதம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ளலாமா?

பிரிவு 113-சி என்று ஒன்று இருக்கிறது. 2007 ஜூலை 1க்கு முன் கட்டிய கட்டிடங்களுக்கானது அது. அதற்கு முன்பு 113-ஏ இருந்தது, 1999 பிப்ரவரி 28 வரையிலான கட்டிடங்களுக்கு. போன வருடம் கட்டியதற்கு இரண்டும் உதவாது. ‘அடுத்த திட்டம் வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்பவர் சொல்லை நம்பிக் கட்டாதீர்கள்.

கடைக்கென்றே சொத்து வரி கட்டுகிறோம், ஈபி கமர்ஷியல் கட்டணம் கட்டுகிறோம். அது அங்கீகாரம் ஆகாதா?

ஆகாது. கட்டிடம் எப்படிப் பயன்படுகிறதோ அதற்கு வரி போடுவது வருவாய்ப் பிரிவின் வேலை. அது சட்டபூர்வமானதா என்று சொல்வது அதன் வேலை அல்ல. கடைகளுக்கான ஈபியின் ஐந்தாம் கட்டணப் பட்டியலும் அப்படியே. ஆனால் அதற்காக வீட்டு இணைப்பிலேயே கடை நடத்தினால் இன்னொரு வம்பு. 2003 மின்சாரச் சட்டத்தின் பிரிவு 126இன்படி உரிய கட்டண விகிதத்தின் இரு மடங்கில் கணக்குப் போட்டு வசூலிப்பார்கள்.

கட்டிடத்துக்கு அனுமதி இருக்கிறது. தொழில் உரிமம் தனியா?

தனி. உரிமம் நடத்துபவர் பெயரில், நடக்கும் தொழிலுக்கு. மார்ச் 31உடன் முடியும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வாடகைதாரர் மாறினாலோ துணிக்கடை ஓட்டலாக மாறினாலோ பழைய உரிமம் செல்லாது. ஓட்டல் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறை, கழிவுநீரில் எண்ணெய்த் தடுப்புத் தொட்டி, அடுப்புப் புகைபோக்கி எல்லாம் சேரும். புகைபோக்கியைப் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து வைப்பவர்கள் முதல் வாரத்திலேயே புகார் வாங்குவார்கள்.

ஜெனரேட்டர், ஏசி சத்தத்துக்கு வரம்பு உண்டா?

உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. வணிகப் பகுதிக்கு 65, 55. ஏசியின் வெளி யூனிட்டுகளைப் பக்க இடைவெளியில் வரிசையாகத் தொங்கவிட்டால் சத்தமும் அனலும் நேராகப் பக்கத்துப் படுக்கையறைக்குப் போகும். மொட்டைமாடியில் வைத்துக் குழாயை இழுப்பதில் செலவு கொஞ்சம் கூடும். ஒழுகும் தண்ணீருக்கு ஒரு குழாய் போட்டு உங்கள் மனைக்குள்ளேயே இறக்குங்கள்.

கடையை வாடகைக்கு எடுக்கப் போகிறேன். என்ன கேட்க வேண்டும்?

அங்கீகரித்த வரைபடத்தைக் கேளுங்கள், நீங்கள் எடுக்கும் இடத்தின் மேல் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘கடை’ என்று இருந்தால் சரி. ‘வண்டி நிறுத்துமிடம்’ என்று இருந்தால் உள் அலங்காரத்துக்குப் பணம் போடாதீர்கள். சீல் வைக்கும்போது உள்ளே மாட்டுவது உங்கள் சரக்கு, வீட்டுக்காரருடையது அல்ல. வரைபடத்தைக் காட்டவே மறுத்தால் அட்வான்ஸைக் கொடுக்காமல் அடுத்த கடையைப் பாருங்கள்.